பத்திரிகையில் போட ஒரு ஊர்

எங்கள் காலத்தில் ராஜபாளையத்துப் பையன்கள் எந்த ஊருக்குப் பிழைக்கப் போவது என்பதை எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டீர்கள். வேலையைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது பொய். பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையை மனதில் வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போதெல்லாம் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.காம். என்று படிப்பைப் போடுவார்கள். என்னைப் போல எட்டாம் வகுப்போடு நின்றவன் பெயர் மொட்டையாக நிற்கும். அந்த மொட்டையை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'சென்னை' என்று போட்டுவிடுவது. அங்கே அவன் மூட்டை தூக்குகிறானா, முதலாளியாக உட்கார்ந்திருக்கிறானா என்று பத்திரிகையா சொல்லப்போகிறது? கோயம்புத்தூர் என்று போட்டால் அந்த மரியாதை கிடையாது. நம் ஊர் மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போனவன் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பம்பாய் என்றால் பையன் என்னென்ன பழகியிருக்கிறானோ என்று சந்தேகம். ஆக, சென்னைதான். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நம் பக்கத்தில் பலர் பெரிய மனிதர்களாக நடமாடினார்கள்.

உங்கள் மாமாவும், அதாவது உங்கள் அம்மாவின் தம்பியும், நானும் ஒரே ஸ்பின்னிங் மில்லில் இருந்தோம். அவன் எனக்கு மைத்துனன் முறை; ஃபிட்டர், வேலையில் கெட்டி. எண்பதுகளின் கடைசியில் அந்த மில்லை மூடிவிட்டார்கள். எங்கள் பழைய மேஸ்திரி அதற்கு முன்பே கோயம்புத்தூரில் மில் மிஷின் செய்கிற பட்டறைக்குப் போயிருந்தார். "உன் வேலையே இங்க இருக்கு, வந்து சேரு. குடும்பத்தோட இருக்க வீடும் பாத்துத் தாரேன்" என்று மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். அவனும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குப் பெண் பேசப் போனோம். பெண்ணின் அப்பா தேரடிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை எங்க இருக்கப் போறாரு?" என்றார்.

"கோயம்புத்தூர்ல, மாமா. நல்ல வேலை" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்க சகலையோட மருமகன் மெட்ராஸு. அவிய முன்னாடி நான் கோயம்புத்தூர்னு அடிச்ச பத்திரிகைய நீட்டவா?"

"என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லியே, மாமா?"

"வேலை எங்கயும் வேலைதான், தம்பி. ஊரு அப்படியா?"

வாங்க வருகிறவர்களிடம் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கச் சொல்கிற மனிதர், மருமகனை மட்டும் மேலே ஒட்டின சீட்டைப் பார்த்து எடுத்தார்.

உங்கள் மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. மெட்ராஸில் எங்கள் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். வருஷா வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு வந்து, கூலிங்கிளாஸைக் கழற்றாமல் வடம் பிடிப்பான். 'பிஸினஸ்' என்பான். அந்த பிஸினஸை நம்பி இவனும் ரயில் ஏறினான். போய்ப் பார்த்தால் அது ஒரு மொத்த மளிகைக் கடையின் சரக்குக் கிட்டங்கி. பகலில் மூட்டை அடுக்குவது, அந்த மூட்டைகளுக்குப் பின்னாலேயே பாயைப் போட்டுப் படுப்பது. பத்திரிகையில் மட்டும் 'சென்னை' தங்க எழுத்தில் மின்னியது. பெண்ணின் அப்பா அதைச் சகலை வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோனார்.

கிட்டங்கிக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப்போக முடியுமா? அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். மெட்ராஸுக்கு வாக்கப்பட்டவள் மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததில்லை. பொங்கலுக்கும் தேருக்கும் புருஷன் வருவான், விருந்தாளி மாதிரி.

சில வருஷம் இப்படியே ஓடியது. தொண்ணூறுகளில் ஒரு தேர் சமயம், மேஸ்திரி மறுபடியும் ஆள் கேட்கிறார் என்று தெரிந்து அவன் மாமனார் வீட்டுக்குப் போனேன்.

"இன்னமும் உனக்கு இடம் இருக்காம். என்ன சொல்லுத?" என்று உங்கள் மாமாவைக் கேட்டேன்.

அவன் மாமனாரைப் பார்த்தான். அவர் முந்திக்கொண்டார்: "இத்தன வருசமா மெட்ராஸ்னு சொல்லிட்டு, இப்ப இறங்கிப் போனா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"மாமா சொல்லுததும் சரிதான், அத்தான். ஊர்ல ஒரு மாதிரி பேசுவாவ" என்றான் இவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, பேசுத ஊர்க்காரன் வந்து உன்கூடக் கிட்டங்கில படுக்கானா?"

அடுப்படியில் இருந்த அவன் பெண்டாட்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவள் அப்பாவுக்கு நேரே நின்றாள். "மெட்ராஸ் மேல அம்புட்டு ஆசன்னா நீங்க போய் மூட்டைக்குப் பொறத்தால படுத்துக்கிடுங்கப்பா. கடைய ஆள் வச்சுப் பாத்துக்கிடலாம்." பிறகு என்னிடம் திரும்பினாள். "அண்ணே, கோயம்புத்தூருக்கு நாங்க ரெண்டு பேரும் வாரோம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிருங்க."

தேர் நிலைக்கு வந்த மறுநாள் இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். அவன் திரும்பவும் ஃபிட்டர் ஆனான். மேஸ்திரி சொன்னபடி ஒரு ஓட்டு வீடும் பார்த்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் பாத்திரக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். குத்துவிளக்கு வாங்க வந்த ஒருவர், "மகளக் காணலியே, எங்க?" என்று விசாரித்தார்.

"மருமகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. மெட்ராஸ்ல இருக்கா" என்றார் அவர், நான் நிற்பது தெரிந்தே.

நான் திருத்தவில்லை. திருத்தும் அளவுக்கு அவர்மேல் எனக்கு மதிப்பு மிச்சம் இல்லை.