கம்பியூட்டர் முன்னால் ஒரு பெரட்டு

1. ஒரு பிள்ளை குறைந்தது

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பதுளை டவுனுக்குக் கூட்டிப் போயிருந்த சனிக்கிழமை, மத்தியானம் எண்ணிப் பார்த்தபோது ஒரு பிள்ளை குறைந்தது. மறுபடி எண்ணினேன். பாக்கியம் இல்லை. அவள் பையும் இல்லை. கலவரத்தில் எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரியவர்களே தோட்டத்திலிருந்து டவுனுக்குத் தனியாக வரப் பயந்தார்கள்.

புதிதாக ஆசிரியப் பணிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன். எழுதுவது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

2. உவமை பாடம்

எங்கள் பள்ளிக்கூடம் ஹாலிஎலவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில். பாக்கியம் முதல் வாங்கில் உட்கார்ந்திருப்பாள். உவமை பாடம் தொடங்கிய அன்று, "இன்றைக்கு வானம் எதைப் போல இருக்கிறது?" என்று கேட்டேன்.

"பெரட்டுல நிக்கிறப்ப எங்கம்மா மொகம் இருக்குமே, அது மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள்.

பெரட்டு என்பது காலையில் கணக்கப்பிள்ளை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். வெளியே பார்த்தேன். மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத வானம். அவள் சொன்னது அப்படியே இருந்தது.

ஆனால் புலமைப்பரிசில் பரீட்சையில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். பாஸானால் அவளுக்கு டவுனில் பெரிய பள்ளிக்கூடம், ஹொஸ்டல். இல்லாவிட்டால் லயத்து வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டு சில வருடம், அதற்குப் பிறகு கொழுந்துக்கூடை. இந்தப் பிள்ளையை எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

3. கடைக்கு மேலே கம்பியூட்டர்

பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன் நியாஸ் சவூதியிலிருந்து ஒரு கம்பியூட்டர் கொண்டுவந்திருந்தார். டீவியோடு பொருத்துவது. புரோகிராமை கெஸட் நாடாவிலிருந்து ஏற்ற வேண்டும். ஏறும்வரை கீச்சுக் கீச்சென்று கத்தும். நான் பிள்ளைகளுக்குத் துணி வாங்கப் போனபோது, "சனிக்கிழமைக்குக் கூட்டி வாங்க டீச்சர், சும்மாதானே கெடக்குது" என்றார்.

அதில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் கேள்வியையும் நான்கு விடைகளையும் மட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். பிள்ளை விடையின் இலக்கத்தை அமத்த வேண்டும். சரியென்றால் திரை பச்சை. பிழையென்றால் சிவப்பு, கூடவே ஒரு சத்தம். சரியான இலக்கங்களை நான் கொடுத்தேன், நியாஸ் புரோகிராம் எழுதினார்.

கைக்குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்று முழுவதும் மனம் பாதி அங்கேதான்.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிட்டேன். முதல் பையனுக்குச் சிவப்பு வந்தது. பின்னாலிருந்து, "அரைப்பேருடா ஒனக்கு!" என்று ஒருவன் கத்தினான். கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான், அதுதான் அரைப்பேர். "பொட்டிக்குள்ள கணக்கப்புள்ள இருக்காருடா" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாக்கியத்தின் முறை. மட்டையில் இருந்தது: மலையை மூடிய பனி எதைப் போல இருந்தது? பஞ்சு, கல், நனைந்த படங்கு, நெருப்பு. படங்கு, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற சாக்குத் துணி. பிழையான விடைக்கு ஒன்று வேண்டுமே என்று எழுதியது.

அவள் யோசிக்கவே இல்லை. மூன்றை அமத்தினாள்.

திரை சிவந்தது. நியாஸ் அன்பாகத்தான் சொன்னார்: "பிழைச்சிட்டுது மகள். தள்ளி நில்லுங்க. அடுத்த ஆள் வாங்க."

பாக்கியம் தள்ளி நின்றாள். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

4. ரோட்டோரம்

பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரிச் சந்தி, ஸ்டேஷன் எல்லாம் தேடினோம். நியாஸ் கடையை மூடிவிட்டு சைக்கிளில் அலைந்தார். பால் கட்டிச் சட்டை நனைந்தது. சேலையால் மூடிக்கொண்டு ஓடினேன். கடைசியில் மற்றப் பிள்ளைகளை இருட்டுவதற்குள் வீடு சேர்க்க வேண்டுமென்று பஸ் ஏறினேன்.

ஹாலிஎலவுக்குக் கொஞ்சம் முன்னால், மழையில், பையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"ஏன்டி சொல்லாம போன?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "தள்ளி நிக்கச் சொன்னாங்கதானே டீச்சர். அப்புறம் இன்னைக்குப் பேரு இல்லதானே. வீட்டுக்குத்தானே போகணும்."

பெரட்டில் பிந்தி வருகிறவளைக் கணக்கப்பிள்ளை தள்ளி நிற்கச் சொன்னால் அன்று அவளுக்கு வேலை இல்லை. அங்கே நிற்கக் கூடாது; பேசாமல் லயத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அவள் ஒழுங்காக நடந்துகொண்டாள்.

5. ராசம்மா

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மாலையில் லயத்துக்குப் போனேன். அவளுடைய அம்மா ராசம்மா அடுப்படியில் இருந்தார்.

"பரீட்சை வருது ராசம்மாக்கா. அனுப்புங்க."

"எதுக்கு டீச்சர்? எங்கள தள்ளி நிக்கச் சொல்றது போதாதா? காசு செலவழிச்சுப் படிச்சு, டவுன்ல போய் அவளும் அதையே கேக்கணுமா?"

"அது வெளையாட்டுக்கா."

"ஒங்க புள்ள அந்த ரோட்டுல தனியா நடந்து வந்திருந்தா வெளையாட்டுன்னு சொல்லுவீங்களா?"

பாக்கியம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தம்பி அழுதான், அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிறகும் பலமுறை போனேன். பரீட்சை அன்று அவள் மேசை வெறுமையாக இருந்தது. கம்பியூட்டர் பாடத்தையும் நான் விட்டுவிட்டேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

6. இப்போது

எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும், பிள்ளைகளை அதன் முன்னால் வரிசையாக நிறுத்துவதற்கு முன், வரிசை என்றால் அவர்கள் வீட்டில் என்ன என்று கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பாக்கியத்துக்கு அது உதவவில்லை.

போன மாதம் என் மகனைப் பாலர் வகுப்புக்குக் கூட்டிப் போகும்போது பெரட்டைக் கடந்து போனேன். பெண்கள் வரிசையில் பாக்கியம், இடுப்பில் படங்கோடு. மலை தெரியாத பனி. என்ன பேசுவதென்று தெரியாமல், "பனியப் பாத்தியா பாக்கியம்? எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் மலைப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பஞ்சு மாதிரி இருக்குங்க டீச்சர்" என்றாள்.

நான் அன்று கொடுத்த சரியான விடை அதுதான்.