கண்ணாடிப் பெட்டியைச் சாத்தச் சுருளிப்பட்டி போன கதை

தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திருப்பூரில் என் இட்லிக் கடைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போனில் ரகீம் பாயின் குரல் வந்து விழுந்தது.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம சுருளிப்பட்டித் தோட்டத்துல கூடுறோம். இதான் கடைசிக் கூட்டம்னு நெனைக்கேன். பெட்டியச் சாத்திருவோம். வந்து ஒரு வார்த்தை பேசு. பேச்சு வரலன்னா பிரியாணியாச்சும் தின்னுட்டுப் போ."

என் பெயரே பேச்சியம்மாள். பேச்சு வராமல் போன நாள் கிடையாது. ஆனால் "பெட்டியச் சாத்திருவோம்" என்றதும் கை மாவிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடமாய்ச் சேர்ந்திருக்கும் எங்கள் கூட்டத்தை உடைய விடக்கூடாது என்றுதான் கிளம்பினேன். கம்பம் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று வழியையும் செலவையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும், மருமகள் பிழை பார்ப்பாள். எழுத்து சுத்தமாக இருந்தால் பெருமை அவர்களுக்கு. வம்பு இருந்தால் அது என்னுடையது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன் நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது கோடவுனில், காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று தட்டில் பிரிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜெயராணி. எங்கள் கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கில் கொட்டும் முன் எதிரே இருப்பவளோடு தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் பொறுக்கியதை நான் பார்ப்பேன், நான் பொறுக்கியதை அவள் பார்ப்பாள். தன் தட்டைத் தானே சாக்கில் கொட்டக் கூடாது. முதல் நாள் சண்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது, ஒரு சொத்தைகூடத் தப்பாது.

நாற்பதைத் தாண்டியதும் கிட்டப் பார்வை மங்கும். மங்கினால் வேலை போகும். அப்போது உத்தமபாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ரகீம் பாயும் நாங்களும் வருடா வருடம் சேர்ந்து இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். பாய்தான் ஒரு தடவை கேட்டார்: "ஒரு நேரம் சோறு போடுற உழைப்ப வேற எங்கனயாச்சும் போட்டா, வருசம் முழுக்க ஒருத்தி தன் சோத்தத் தானே சம்பாதிப்பாள்ல?" அன்றைக்கு ஒரு தகரப் பெட்டியில் படிக்கிற கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு, கண் மங்கினவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கக் கிளம்பினோம். கிட்டங்கிகள், மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள், பஸ் ஸ்டாண்டுகள் என்று எங்கும் அந்தப் பெட்டி வந்தது.

முதல் கண்ணாடி ஜெயராணிக்கு. மறுநாள் அவளிடம், "வீட்டுக்காரர நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன். "மூஞ்சிகிட்ட வச்சுப் பாத்தேன் மதினி. கழட்டி வச்சுட்டேன்" என்றாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருப்பூரில் பஸ் ஏறினேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய்ச் சொச்சம். பத்தேமுக்காலுக்கு இறக்கிவிட்டார்கள். பெரியகுளம் தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருங்கள், மலை கூடவே வரும். வத்தலக்குண்டில் டீ குடிக்கலாம், வடையை மட்டும் நம்பாதீர்கள்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இம்புட்டுப் பெரிய பையி? அருவிக்கா?" என்றார்.

"கூட்டத்துக்குப்பா."

"எந்தக் கட்சி?"

"எல்லாக் கட்சியிலயும் கண்ணு தெரியாதவுக இருக்காகள்ல, அவுக கட்சி."

சிரித்துக்கொண்டே சில்லறையைச் சரியாகத் தந்தார். அதுவே பெரிய விஷயம்.

வீரபாண்டியில் ஆறு தெரிந்தது. சின்னமனூரில் வாழைத்தார் லாரிகள் வழியை அடைத்து நின்றன. உத்தமபாளையத்தில் பாயின் பழைய கடை இருந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தக் கடையின் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, மதியம் பூராவும் அடுத்தவர் கண்ணாடியை மாட்டி மாட்டிச் சிரித்த நாட்கள் ஒரு நொடியில் வந்து போயின. பஸ் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி ஆறேழு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவசரமென்றால் ஆட்டோ நூற்றைம்பது கேட்பார்கள்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் எப்போதும் கூடுவோம். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். நான் குள்ளம், மகாராணி மாதிரி நிமிர்ந்து போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நடுவில் அதே தகரப் பெட்டி. ஒரு பக்கம் ஜெயராணி, மறு பக்கம் பாயின் மகள் ஃபரீதா. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கல்லூரி நாளில் எங்களோடு பெட்டி தூக்கிய பிள்ளைதான் ஃபரீதா. இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முப்பதைத் தாண்டிவிட்டாள்.

"நீயே கேளு பேச்சிம்மா" என்று ஆரம்பித்தாள். "நம்ம ஏன் சோத்த விட்டுட்டுக் கண்ணாடிக்கு வந்தோம்? அதே உழைப்புல நெறைய பேருக்கு ஆகும்னுதான? இப்பவும் அதே கேள்விதான். இந்த ஏஐ எப்படி வளருதுங்கறதுலதான் இன்னும் பொறக்காதவுக வாழ்க்கையே இருக்கு. அது யாரு சொல்லக் கேக்கணும், தப்புப் பண்ணா யாரு நிப்பாட்டுறதுன்னு யோசிக்கிறவுக ரொம்பக் கொஞ்சம், பெங்களூருல நாங்க ஒரு சின்னக் கூட்டம் இருக்கோம். கண்ணாடி குடுக்க இன்னைக்கு வேற ஆளு இருக்காக. நம்ம கூட்டம் இதுக்கு வரட்டுமே. மேல அணை கட்டுனவுக நம்மளப் பாத்தா கட்டுனாக?"

எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வர மலைமேல் அணை கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு ஊர் ஊராகப் பொங்கல் வைப்பார்கள். வரும் வழியில்கூடப் பொங்கலுக்குக் கட்டிய பேனர்கள் கழற்றாமல் கிடந்தன. அந்தப் பேச்சுக்கு யாரும் மறுவார்த்தை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். ஜெயராணி சொன்னாள்.

"தொரைக்குப் பொங்க வைக்கோம், சரி. அங்கன கல்லு செமந்து காய்ச்சல்ல செத்தாகளே, அவுகளுக்கு யாரு பொங்க வைக்கா? நாளைக்கு வாரவுகளுக்காக இன்னைக்கு இருக்கவள விட்டுப் போகச் சொல்ற. எங்க கிட்டங்கில மிசினு வந்து ஆறு பேரு வீட்டுக்குப் போயாச்சு. எனக்கே வாரத்துல மூணு நாளுதான் வேல. நீ அந்த மிசினுக்குப் பரிஞ்சு பேசுற."

"நான் பரிஞ்சு பேசல அக்கா..."

"பின்ன?"

பாய் பெட்டியின் மேல் கையை வைத்தார். "இதுக்குத்தான் சாத்திருவோம்னேன். எனக்கு அவளும் பிள்ளைதான், இவளும் பிள்ளைதான். நீங்க பேச்சு வார்த்தை இல்லாமப் பிரியறதப் பாக்குறதுக்கு, சிரிச்சுக்கிட்டுச் சாத்தலாம்."

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தேன். "ஏடி ஜெயா, அந்த மிசினு உன்ன விட நல்லாப் பொறுக்குதா?"

அவள் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் கேக்குற மதினி. மொதலாளி என்னக் கூப்பிட்டு, நீ ஒரு தட்டுப் பொறுக்கு, அதக் காட்டித்தான் மிசினுக்குப் பழக்கப் போறோம்னாரு. எனக்குத் தல கால் புரியல. கருகருன்னு பச்சையா, பெருசா, நகை மாதிரி பொறுக்கி வச்சேன். அம்புட்டுத்தான். மிசினு அது மாதிரி மட்டும்தான் வேணும்னு மத்த நல்ல காயெல்லாம் கழிச்சுத் தள்ளிருச்சு. நாலு நாளா! வேகமா வேற தள்ளுது. பாக்குறதுக்கு ஆளு இல்ல, நாங்கதான் வீட்டுல இருக்கோமே."

"உன் தட்ட யாரு மாத்திப் பாத்தா?"

ஜெயராணி என்னைப் பார்த்தாள். "யாரும் பாக்கல" என்றாள் மெதுவாக. "மிசினுக்குன்னதும் எல்லாரும் மறந்துட்டோம். என் கண்ண வாங்குனது, என் பவுசையும் சேத்து வாங்கிக்கிருச்சு."

ஃபரீதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, இதத்தான் நான் மூணு வருசமா இங்கிலீசுல சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு கிட்டங்கில இப்படி. நாளைக்கு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கவர்மெண்டு எல்லாத்துலயும் ஒரே கண்ணு இருந்தா? அதுவும் யாரும் தட்டு மாத்தாம?"

"அதுக்காகக் கண்ணாடிய நிப்பாட்ட முடியாது" என்றாள் ஜெயராணி. ஆனால் இப்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நிப்பாட்ட வேணாம்டி" என்றேன் நான். "ரெண்டு பேரும் தட்ட மாத்துங்க. இந்த வருசம் அவ பெட்டியத் தூக்கட்டும். நீ பெங்களூரு போயி அவுக கூட்டத்துல உக்காரு."

வம்புக்குத்தான் சொன்னேன். ஃபரீதா உடனே, "வீட்டுல இருந்தே ரெண்டு மாசம் வேல பாக்கலாம், நான் தூக்குறேன்" என்றாள். ஜெயராணி பாயைப் பார்த்தாள். பாய் பெட்டியைத் திறந்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பிரியாணி ஆறுது" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றிரவு நானும் ஃபரீதாவும் போடியில் ஜெயராணி வீட்டில் தங்கினோம். கம்பத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடிக்குப் பஸ் உண்டு. விடியற்காலையில் மூன்று பேரும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனோம். ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஃபரீதா ஒரு அம்மாளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, எழுத்து அச்சடித்த அட்டையை நீட்டினாள்.

"கண்ணு தெரிஞ்சாலும் எனக்கு இது தெரியாதே ஆத்தா" என்றது அந்தம்மா. ஜீப்பே சிரித்தது. ஃபரீதாவும் சிரித்தாள். ஜெயராணி தன் சேலைத் தலைப்பிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துக் கொடுத்தாள். நூல் ஒரே தடவையில் கோர்த்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்: "கண்ணு தெரிஞ்சிருச்சுல்ல, ஏறுங்கம்மா!"

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுருளிப்பட்டிக்குப் பக்கத்து அருவிக்குப் போவதானால் சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. தண்ணீர் வரத்தைக் கம்பத்திலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். தோட்டத்தில் திராட்சை கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் பறிக்காதீர்கள். காலையில் போடி ஜீப் ஸ்டாண்டில் ஒரு தகரப் பெட்டியோடு ஃபரீதா நின்றால் நின்று பேசுங்கள். ஏஐயைப் பற்றிக் கேட்டால் ஜீப் கிளம்பும்வரை சொல்வாள். நாற்பதைத் தாண்டியிருந்தால் ஊசியையும் நீட்டுவாள்.

எங்கள் கூட்டம் இனி எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. பழைய பெஞ்சும் கடையும் திரும்பி வராது. மாசி மாதம் ஜெயராணி பெங்களூர் போனாள். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள், நான் சட்னி அரைக்கும்போது போனில் அவள் குரல் வந்தது.

"மதினி, இங்கன ஒரே குளிரு. எல்லாம் சின்னப் பிள்ளைகளா இருக்காக. தட்டு மாத்துறதச் சொன்னேன், திரும்பச் சொல்லச் சொன்னாக. அவுக பேசுறது எனக்குப் பாதி புரியல. புரிஞ்ச பாதிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்."