மஞ்சள் பட்ட கைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் ஒரு டெய்ரிக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். டெய்ரி என்றால் பாலும் பாணும் பத்திரிகையும் விற்கிற மூலைக்கடை. கடைக்காரர் குஜராத்தி. எங்களுக்கு வீடு தந்தவரும் அவர்தான். என் குசினி யன்னலுக்கு நேரெதிரே அவருடைய கடையின் பக்கச் சுவர். சாமித்தட்டை அந்த யன்னலோரம்தான் வைத்திருந்தேன். விளக்கேற்றிக் கும்பிட்டுக் கண் திறந்தால் முதலில் படுவது அந்தச் சுவர். வெறும் சாம்பல் சுவராக இருந்தவரைக்கும் எனக்கு அதோடு ஒரு கோபமும் இல்லை.

ஒரு ஐப்பசியில் அந்தச் சுவரில் ஒருத்தி ஏணியைச் சாத்தினாள். மூன்று வீடு தள்ளி இருந்த மெக்சிக்கோக்காரி. என் வயதுதான் இருக்கும்; இந்த நாட்டு வெள்ளைக்காரனைக் கட்டியவள். அவளுடைய ஊரில், அவள் பிறந்த தெருவில், சுவரெல்லாம் படம் இருக்குமாம். இங்கே சுவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சம்மதித்தார். அக்கம்பக்கத்தில் பிரச்சினை என்று வந்தால் வெள்ளையடித்துவிடுவேன் என்றும் சொல்லி வைத்தார்.

முதலில் ஒரு நீண்ட மேசை வந்தது. அதில் பாண், பழம், கோப்பைகள். மேசைக்குக் கீழே தெருவரைக்கும் செவ்வந்தி மாதிரி செம்மஞ்சள் இதழ்கள் பாதை போட்டன. நன்றாயிருக்கிறது என்று நானே மகளிடம் சொன்னேன். அடுத்த கிழமை மேசையைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் எலும்புக்கூடுகள். சட்டை போட்டு, தொப்பி போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இஞ்சேருங்கோ, கடைக்காரரோட ஒருக்காக் கதையுங்கோ" என்று இவரிடம் சொன்னேன்.

"என்னெண்டு கதைக்க? அதுகள் எங்களிட்டச் சோறு கேக்கேல்லைத்தானே. விடும்."

"உங்களுக்கென்ன, விடிய வேலைக்குப் போயிடுவியள். சட்டி கழுவேக்க அதுகளின்ர முகத்தில முழிக்கிறது நான்."

"என்ர முகத்தில முழிச்சுப் பழகினனீர்தானே. பிறகென்ன பயம்?"

இவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமைதான் கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் பால், பழம் மட்டும். முருகனை நினைத்துக் கண் மூடினால், திறக்கும்போது மண்டையோடு. தலையோட்டைக் கையில் ஏந்திய சிவனைச் சின்ன வயதிலிருந்து பாடிய வாய் என்னுடையது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

விரதத்தின் மூன்றாம் நாள் விடியற்காலை குளித்துவிட்டு ஒரு வாளியில் மஞ்சள் கரைத்தேன். மாவிலைக்கு இங்கே எங்கே போவது? பின்வளவு எலுமிச்சையில் ஒரு கொப்பு முறித்தேன். சுவரில் நாலு துளி தெளித்துத் துடக்குக் கழித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நாலு துளி தெளித்தேன். அவை சிரித்துக்கொண்டே இருந்தன. எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது, வாளியோடு தூக்கி வீசினேன். திரும்பினால், பின்கதவில் மகள் நித்திரைக் கண்ணோடு நின்றாள். ஒன்பது வயது. வாளியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சுவரில் நிறம் காய்ந்த இடங்களில் மஞ்சள் பிடிக்கவில்லை. ஒரு மூலையில், இன்னும் வெள்ளை அடிப்பூச்சாகவே இருந்த இடத்தில், ஊறிப் பிடித்துவிட்டது.

பின்னேரம் அந்த மெக்சிக்கோக்காரி எங்கள் கதவைத் தட்டினாள். கையில் தூரிகை. என் இங்கிலீஷும் அவளுடைய இங்கிலீஷும் நொண்டி. அதனால் எப்போதும் மகள்தான் நடுவில்.

"அம்மா, யாரோ படத்தைப் பழுதாக்கிப்போட்டினமாம். யன்னலால நீங்கள் ஆரையும் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா." வழக்கத்தில் எனக்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பிள்ளை, அன்றைக்குச் சுத்தத் தமிழில் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

என் நெற்றியில் திருநீறு. கழுத்தில் உருத்திராட்சம். "நான் ஒண்டையும் பாக்கேல்லை எண்டு சொல்லு" என்றேன்.

பிள்ளை அவளிடம் திரும்பி, "ஷி டிடின்ட் சீ எனிதிங்" என்றாள்.

நான் ஒரு பொய் சொன்னேன் என்று சொல்வது பாதிதான் உண்மை. என் பொய்யைச் சுமந்துபோய்க் கொடுக்க என் பிள்ளையை அனுப்பினேன்.

அடுத்த நாள் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் எனக்கு விளங்கும்படி மெல்ல இங்கிலீஷில் சொன்னார்: "பள்ளிக்கூடப் பொடியளின் வேலை, சிஸ்டர். படம் இருந்தால் இப்படித்தான் வருவார்கள். ஞாயிறு வெள்ளையடித்துவிடப் போகிறேன்." சுவர் தப்புவதென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வீட்டை விடச் சொல்வாரோ என்று பயம். அதைவிட, அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கை கூப்புவார். அந்தக் கூப்பிய கை இறங்கிவிடுமே என்ற பயம்தான் பெரிது. விரதம் முடியட்டும், விரத நாளில் வம்பு கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முருகனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை, விரதம் முடித்துப் பாறணைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே ஒரு ஈரச் சத்தம். கடைக்காரர் ஏணியில் நின்று ரோலரால் வெள்ளை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே அவள் கை கட்டி நின்றாள். அழவில்லை, தடுக்கவுமில்லை.

ஈரத் தலையோடு ஓடினேன். மகளைக் கூப்பிடவில்லை. "ஸ்டாப்! ஸ்டாப்! மீ! யெல்லோ, மீ!" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். அவர் விளங்காமல் பார்த்தார். வீட்டுக்குள் ஓடி மஞ்சள்தூள் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"ஹல்தியா?" என்றார். போத்தலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர், அந்த மண்டைகளைப் பார்த்துப் பயந்து நானும்தான் கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். ஆனால் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே." ரோலரை வாளியில் போட்டார். பிறகும் அவர் கை கூப்பினார்தான். நான்தான் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளப் பழகினேன்.

அவள் என் கையைப் பிடித்துச் சுவர் மூலைக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குத்தான் அந்தப் படத்தை நான் முதல்முதல் பார்த்தேன். அத்தனை நாளும் மண்டையோடுகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மூலையில் ஒரு எலும்புக்காரி ஏப்ரனோடு முழங்காலில் இருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். சரிவான கல், அதற்கு மூன்று கால், மேலே குழவி. எங்கள் அம்மிதான். என் மஞ்சள் பிடித்திருந்தது அவளுடைய இரண்டு கைகளிலும். மணிக்கட்டு வரைக்கும்.

"மை மதர்" என்றாள்.

கையாலும் நொண்டி இங்கிலீஷாலும் விளங்கப்படுத்தினாள்: அவளுடைய ஊரில் வருஷத்தில் ஒருநாள் செத்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்களாம். அந்த மேசை அவர்களுக்குப் போட்டது. என் தகப்பனுடைய திவசத்துக்கு நான் வாழையிலை கிடைக்காமல் பீங்கானில் படைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன். அதே காத்திருப்புத்தான். அவர்களைத்தான் நான் துடக்கென்று கழுவப் போனேன்.

வெள்ளையடிபட்டுவிட்ட பக்கத்தில் மேசையின் கீழே ஒரு நாயும், அதைக் கட்டிப்பிடித்தபடி சின்னதாக ஒரு எலும்புக்கூடும் இருந்தது எனக்கு நினைவு. அது யார் என்று கேட்டேன்.

"பிரதர்" என்றாள்.

படத்தை அவள் முடித்தாள். வெள்ளைக்கு மேலே இதழ்களை மட்டும் வரைந்தாள். தம்பியைத் திரும்ப வரையவில்லை. மூன்று நாள் முந்தி நான் வாயைத் திறந்திருந்தால் அவன் அங்கேயே இருந்திருப்பான்.

மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. ஒரு மாதத்துக்குள் அந்தக் கைகள் வெளிறிவிட்டன. மறைந்துவிடும் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் எழுதத்தான் வேண்டும். ஒருநாள் காலை விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தால், அவள் ஏணியில் நிற்கிறாள். சின்னத் தூரிகையால், வெயிலுக்குப் போகாத மஞ்சளால், தாயின் விரல் ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு கையசைத்தாள்.

மகள் பக்கத்தில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தாள். "அந்த ஆன்ட்டி என்ன செய்யிறா எண்டு கண்டனியோ?" என்று கேட்டேன்.

"ஐ டிடின்ட் சீ எனிதிங்" என்றாள், வாய் நிறைய நுரையோடு. பகிடியாகத்தான் சொன்னாள். நான் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.