ரெட்டைச் சடைக்காரிக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு மங்கோலியப் பெண் தோற்றுப்போக வேண்டும் என்று மாதாவிடம் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

அவள் பெயரை வாயில் நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. முடியை இரண்டு சடையாக இறுக்கிப் பின்னியிருந்ததால் ரெட்டைச் சடை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஜூனியர்களுக்கான சர்வதேச மல்யுத்தப் போட்டியில் அவள் எங்கள் அக்காவைத் தோற்கடித்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். சாந்தோமில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். பெரியப்பா கணக்கு வாத்தியார், பெரியம்மா டீச்சர், என் அம்மாவும் டீச்சர். சாக்பீஸைத் தவிர வேறு எதையும் கையில் பிடிக்காத குடும்பத்தில் ஒரு பெண் ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடக் கிளம்பியது எப்படி என்று கோயிலில் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரு மாஸ்டர் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் சிநேகிதியோடு வேடிக்கை பார்க்கப் போன அக்கா, மறுவாரமே அங்கே சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் முழங்கையில் சிராய்ப்பு இல்லாமல் நான் பார்த்ததில்லை.

எனக்கு அக்கா என்றால் உயிர். அவள் மாலையில் காலை நீட்டிப் போட்டு யூடியூபில் உலகத்திலுள்ள ஜூனியர் வீராங்கனைகளையெல்லாம் பார்ப்பாள், நான் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். எதிராளியைக் கீழே தள்ளி முதுகுப்பக்கம் போனால் இரண்டு புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒன்று, இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டமே முடிந்தது. இதெல்லாம் எனக்கு வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும். தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, ஆனால் வெண்கலம் இரண்டு என்பதும் தெரியும். ஏன் இரண்டு என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் நான்தான் விளக்கவுரை சொல்லும் ஆள். அந்தப் பதவி என் தலைக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் இந்திய ஜூனியர் அணியில் இடம் கிடைத்தது. எடை ஏறக்கூடாது என்று அவள் வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்ததால், ஒரு மாதம் இரண்டு வீட்டிலும் மீன் வறுக்கவில்லை. வாசனை மாடிக்குப் போய்விடுமாம். கிளம்புவதற்கு முதல் நாள் பெரியப்பா எல்லோரையும் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"மெடல் வந்துச்சுன்னா நீ எத்தனை வருஷம் வேணாலும் விளையாடு, நான் குறுக்க வர மாட்டேன். வரலன்னா இதோட நிறுத்திட்டு காலேஜுக்குப் போற. சரியா?"

"சரிப்பா" என்றாள் அக்கா. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கவலையே இல்லை. அக்கா எப்படியும் ஜெயிப்பாள், அப்புறம் பெரியப்பா என்ன செய்வார் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்கும் மல்யுத்தத்துக்கும் நடுவில் நிற்கிற வில்லன் என்று அவரை அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

போட்டி மத்திய ஆசியாவில் ஏதோ ஒரு ஊரில். அங்கும் இங்கும் கடிகாரத்தில் அரை மணிதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாடியில் சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப்பை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் ஆட்டத்தில் அக்கா சுலபமாக ஜெயித்தாள். காலிறுதியில் எதிரே வந்து நின்றவள்தான் ரெட்டைச் சடை. கடைசிப் பத்து நொடி வரைக்கும் நான்குக்கு நான்கு. அப்புறம் அவள் குனிந்தாள், அக்காவின் கால் அவள் கையில் இருந்தது. ஆறுக்கு நான்கு.

பெரியம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மா என் காதில் சொன்னாள். பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு செமி பைனல் எப்போ?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு" என்றேன்.

"பார்ப்போம்" என்றார்.

மகள் தோற்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இவருக்கு அவளைத் தோற்கடித்தவளின் ஆட்டம் கேட்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தை அவரிடம் காட்ட முடியாததால் மங்கோலியப் பெண்ணிடம் காட்டுவது என்று முடிவு செய்தேன். பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மூன்று மணி வெயிலில் தனியாகப் பங்குக் கோயிலுக்குப் போனேன். மாதா சொரூபம் இருக்கும் கெபியில் ஆள் இல்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு முழங்காலில் நின்று, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி, என் விண்ணப்பத்தை மாதாவிடம் தெளிவாக வைத்தேன். ரெட்டைச் சடை தோற்க வேண்டும். முடிந்தால் அழவும் வேண்டும்.

ஐந்து மணிக்கு எதிரே ஒரு ஜப்பானியப் பெண். ரெட்டைச் சடை எடுத்ததும் இரண்டு புள்ளி வாங்கினாள். பெரியப்பாவின் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். அக்கா தோற்றது இவருக்குச் சந்தோஷம்தான் என்று என் மனதில் உறுதியாகிவிட்டது. இதற்கிடையில் கேமரா திரும்பியபோது தடுப்புக் கம்பியை ஒட்டி அக்கா நிற்பது தெரிந்தது. இந்திய டிராக்சூட், கழுத்தில் துண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பாருங்க பாருங்க, அவ தோக்கணும்னு அக்கா கத்துறா!" என்று விளக்கவுரை சொன்னேன்.

இரண்டாவது பாதியில் ஜப்பானியப் பெண் அவளைத் திருப்பிப் போட்டாள். இரண்டு தோளும் தரையில். நடுவர் விரிப்பில் கையால் அடித்தார். நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன். பெரியம்மாகூட, "நல்லா வேணும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமரா மறுபடி ஒரு நொடி அக்காவைக் காட்டியது. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷத்துல அழுறா" என்றேன்.

பெரியப்பா எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனால் போகட்டும் என்று பெரியம்மாவின் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அது இப்போது எங்கும் இல்லை, ஆனால் எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

"அக்கா, ரெட்டைச் சடை தோத்துட்டா! நான்தான் கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கினேன். உன்ன அழ வெச்சால்ல, அவளும் அழட்டும்!"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'தோத்தாங்கோலி, தோத்தாங்கோலி' என்று கைதட்டி நான்கு முறை பாட்டும் பாடி அனுப்பினேன்.

அரை மணி கழித்துப் பதில் வந்தது. "தேங்க்ஸ்டி குட்டி. சாப்ட்டியா?" என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எங்கள் அக்காவுக்காக நான் பழி வாங்கிய கதையை வகுப்பு முழுவதும் சொன்னேன்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னார்.

"இன்னா மேடம் பண்றது, நூலிழைல போச்சு. அந்த மங்கோலியாக்காரி மட்டும் பைனலுக்குப் போயிருந்தான்னு வைங்க, நம்ம பாப்பாவ மறுநாள் திருப்பிக் கூப்ட்டிருப்பாங்க. பைனலுக்குப் போறவங்க கிட்ட தோத்தவங்களுக்கு வெண்கலத்துக்கு இன்னொரு சான்ஸ் கீது. ரூலே அதான். அதுக்குத்தான் வெண்கலம் ரெண்டு. மிச்சம் இருந்த பொண்ணுங்கள பாப்பா கண்ண மூடிக்கினு ஜெயிச்சிருக்கும். அன்னிக்கு அந்த மங்கோலியாக்காரி ஜெயிக்கணும்னு தொண்ட கிழியக் கத்திக்கினு இருந்துச்சு, பார்த்தீங்கள்ல?"

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மாதாவே, இது எங்க யாருக்குமே தெரியாதே. தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணுக்காக நானும் செபமாலை சொல்லியிருப்பேனே!"

"எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விதிமுறையெல்லாம் முன்னாடியே படித்துவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று பெரியம்மா கேட்டார். நிபந்தனை போட்டவர், மகளுக்கு மெடல் வர வேண்டும் என்று எங்கள் முன்னால் எப்படிக் கேட்பார்? இது எனக்கு இன்று புரிகிறது. அன்றைக்குப் பெரியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான், என் வாய்ஸ் மெசேஜ் அக்காவின் போனில் இருக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா..." என்று பெரியப்பா அக்காவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கை குடுத்தேன்ல. விடுங்கப்பா" என்றாள் அக்கா.

இருவருக்கும் ஒரே ரத்தம், ஒரே பிடிவாதம். அக்கா காலேஜில் சேர்ந்தாள். இப்போது தி. நகரில் ஒரு வங்கியில் வேலை, இரண்டு வயதில் பையன். என்னைக் கண்டால் இன்றைக்கும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். மாதா என் பேச்சைக் கேட்டுக்கொண்டு அந்த ஜப்பானியப் பெண்ணுக்குக் கை கொடுத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவள் நன்றாக விளையாடினாள், ஜெயித்தாள். ஆனாலும் கைதட்டிப் பாடிய அந்தக் குரல் என்னுடையதுதானே. அந்தச் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் காது கொடுத்துக் காத்திருந்தார். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் ரப்பரை எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த வயதுவரைக்கும் அக்காவிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் போனதும் அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவள் கையில் இரண்டு போன் இருந்தது, அவளுடையதும் பெரியம்மாவுடையதும்.

"இந்தா, அந்த வாய்ஸ் மெசேஜ ரெண்டுலயும் அழிச்சிடு. அப்பா கேட்டுடப் போறாரு."

"நீ கேட்டியாக்கா?"

"ம்ம்."

"முழுசாவா?"

"பாட்டு வரைக்கும்" என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"பெரியப்பா கிட்ட சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டு போனிலும் அழித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். மூச்சு சீராக வந்தது. தப்பித்துவிட்டேன்.

அக்கா கட்டிலில் துணிகளைப் பரப்பி ஒரு பெரிய துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் போடும் சிவப்பு, நீல உடுப்புகள், முழங்கால் உறைகள், கணுக்கால் வரை ஏறும் ஷூ எல்லாம் மாஸ்டரிடம் பழகும் வேறு பெண்களுக்குப் போகிறதாம். பையின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன். கடைசியாக அந்த இந்திய டிராக்சூட்டை எடுத்தாள். மடித்தாள். மடிப்பு சரியில்லை என்று பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். கீழே டிவியில் ஆறு மணிக்குக் கார்ட்டூன். எனக்குக் கை வலித்தது.

"அக்கா, சீக்கிரம் போடுக்கா, கார்ட்டூன் ஆரம்பிச்சிடுவாங்க" என்றேன்.

"நீ போடி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நான் பையை விட்டுவிட்டு, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கி, கார்ட்டூன் பார்க்கப் போனேன்.