புகைக்காரர் வீட்டு இஷ்பெல்

விஸ்கிக் கோப்பை உதட்டருகே வந்ததும் இஷ்பெல் மூச்சை நிறுத்திக்கொள்வார். தோள்கள் சற்றே உயரும், பார்வை ஜன்னல் பக்கம் போகும், பிறகு ஒரே மடக்கு. காலிக் கோப்பை மேசைக்குத் திரும்பிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். கல்யாணமோ சாவோ, ஸ்காட்லாந்தின் இந்த ஐலாத் தீவில் எது நடந்தாலும் கையில் ஒரு கோப்பையைத் திணித்துவிடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மதுக்கடை ஃபெர்கஸ் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டி ஆர்ப்பரிப்பார். “பாத்தீங்களாடா, ஒரே இழுப்பு! இவதாண்டா ஐலாப் பொண்ணு!”

ஐலாப் பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையான உருவம், வெந்நீரிலேயே வாழ்ந்து சிவந்துபோன முன்கைகள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சலவைக்கூடம் நடத்துகிறார். தீவின் இந்தப் பக்கத்தில் இருக்கும் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அவர் கைக்குத்தான் வரும். உலர்த்தும் இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கிறது. அதை அவர் அவசரத்துக்கு மட்டும்தான் தொடுவார். கடலைப் பார்த்த சரிவில் கட்டிய கொடிகளில்தான் துணி காய வேண்டும். கிளிப்புகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டே பேசுவார். அந்தப் பேச்சு அவர் கணவர் டூகிக்குப் புரியும், எதிர்வீட்டுக்காரியான எனக்குப் புரியும், வேறு யாருக்கும் புரியாது.

டூகி, ஊர் எல்லையில் இருக்கும் விஸ்கி வடிசாலையில் சூளைக்காரர். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் மண்கட்டிகளை மூட்டி, முளைகட்டிய பார்லியைப் புகையில் வாட்டுவது அவர் வேலை. அவர் அப்பாவும் அதே சூளையில்தான் நின்றார். எங்கள் விஸ்கியின் பேரும் புகழும் அந்தப் புகையில் இருக்கிறது. அதே புகை, தென்மேற்குக் காற்று எழும்பினால், நேராக இஷ்பெலின் கொடிக்கு வந்து வெள்ளை விரிப்புகளில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே தினமும் காலையில் இஷ்பெல் முற்றத்தில் நின்று புகைபோக்கியைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சூளைக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

“டூகி, இன்னிக்கு நீ எரிக்கப் போறியா, நான் தொவைக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

மே மாதக் கடைசியில் எங்கள் விஸ்கித் திருவிழா. கழுத்தில் கோப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அந்த வாரம் இஷ்பெல் வெளியுலகத்தைப் பார்ப்பதில்லை. விரிப்பு, உறை, துண்டு, மறுபடியும் விரிப்பு. ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தலையணையை மோந்து பார்த்து, உறையை விலைக்குக் கேட்டாராம். “புகை நாத்தம் போகலியேன்னு நான் அழுவுறேன், அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு ஆகா ஆகாங்கறான்,” என்று அதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இஷ்பெலுக்கு ஸ்பேசைடு விஸ்கி அறிமுகமானது ஒரு குளிர்காலத்தில். விடுதியில் யாரோ விட்டுப்போன பாட்டில், துணி மூட்டைக்குள் சிக்கி வந்திருந்தது. பெருநிலத்தில், ஸ்பே ஆற்றங்கரையில் வடித்தது. அதில் புகையே கிடையாது. எங்கள் ஊரில் அதை வீட்டுக்குள் வைத்திருப்பதே கௌரவக் குறைச்சல். இஷ்பெல் கிறிஸ்துமஸ் கேக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று திறந்தார். ஊற்றிய பிறகு கரண்டியை நக்கினார். பாட்டிலில் மிச்சமிருந்தது கேக்குக்கு அவ்வளவாகப் போகவில்லை.

மறுநாள் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: “முப்பது வருஷமா எனக்கு விஸ்கியே ஆகாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். விஸ்கி ஆகாம இல்ல. நம்ம விஸ்கிதான் ஆகல.”

அதற்கடுத்த குளிர்காலம் முழுவதும் திட்டம் போட்டார். ஸ்பேசைடு திருவிழா வசந்த காலத்தில், எங்களுடையதற்குச் சில வாரம் முன்னதாக வரும். அப்போது இங்கே விடுதிகளில் கூட்டம் குறைவு, சலவையும் குறைவு. இஸ்திரி மேசையில் வரைபடத்தை விரித்து, சுருக்கம் விழுந்த இடத்தில் இஸ்திரியும் போட்டார். எந்தக் கப்பலில் போவது, எந்த மலைப்பாதையில் பனி முன்னதாக உருகும், எந்த ஊரில் நின்று சூப் குடிப்பது என்று எல்லாம் முடிவாயிற்று. காரை விடுதியிலேயே விட்டுவிட்டுத் திருவிழாப் பேருந்தில்தான் சுற்ற வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். தங்கும் அறையை மட்டும் ஒரே நொடியில் தேர்ந்தெடுத்தார். டஃப்டவுனில், ஒரு ரொட்டிக்கடையின் மாடி. படத்தை என்னிடம் காட்டினார். “தலையணை ஓரத்தைப் பாரு. இஸ்திரி போட்டிருக்கா. இவ நல்லவ.”

நானும் வர வேண்டும் என்பது அவர் முடிவு. என்னைக் கேட்கவில்லை. “ஒரு நாளைக்கு ரெண்டு எடத்துக்கு மேல வேணாம். மூணாவதுல நாக்கு பொய் சொல்லும்,” என்று மட்டும் சொன்னார்.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. டூகியிடம் சொல்ல வேண்டும்.

மாலையில் பெரிய விரிப்புகளை மடிக்கும்போது டூகி மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்ப்பார்கள். நான் அன்று கூடையோடு நின்றிருந்தேன். பாதித் தூரம் நடந்து வந்ததும் இஷ்பெல் சொன்னார்.

“டூகி, ஏப்ரல் கடைசில நான் ஸ்பேசைடு திருவிழாவுக்குப் போறேன்.”

“அங்க என்ன இருக்கு?”

“விஸ்கி.”

டூகி சிரித்தார். “இங்க இல்லாத விஸ்கியா?”

“இங்க இருக்கறது எனக்குப் பிடிக்கல.”

விரிப்பு இருவருக்கும் நடுவே தொய்ந்து தரையைத் தொட்டது. இஷ்பெல் அதைக் கவனிக்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எப்பலேருந்து?” என்றார் டூகி.

“எப்பவுமே.”

“நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா ஊத்திக் குடுத்தாரே. குடிச்சியே.”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்.”

டூகி கோபக்காரர் இல்லை. தன் முனையை இஷ்பெலின் கையில் சேர்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நாயோடு கடற்கரைப் பக்கம் போனார். அந்த வாரம் முழுக்க டூகி அளந்துதான் பேசினார். சூப் நன்றாக இருக்கிறது என்பார். கதவு கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்பார். அவ்வளவுதான். காலையில் சூளைக்கு வரும் தொலைபேசியையும் வேறு யாரோ எடுத்தார்கள்.

செய்தி மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபெர்கஸ் விடுவாரா? “என்னம்மா இஷ்பெல், சக்கரைத் தண்ணி குடிக்கப் போறியாமே? திரும்பி வர்றப்ப கப்பல்ல ஏத்துவாங்களான்னு கேட்டுக்கோ!”

“ஏத்துவாங்க. உன் கடைல மூணு வருஷமா தொவைக்காம கெடக்கே ஒரு திரை, அத மோந்துட்டு ஏறுனாப் போதும், ஐலாக்காரின்னு ஒத்துக்குவாங்க,” என்றார் இஷ்பெல். கடை அதிர்ந்தது. ஆனால் வெளியே வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “டூகி மூஞ்சியத்தான் என்னால பாக்க முடியல. இத்தன வருஷம் பேசாம இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமோ?”

போகாமல் விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். புறப்படும் காலையில் நான் பையோடு அவர் வாசலுக்குப் போனபோது, டூகி கார்ச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். இஷ்பெலின் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

“மலைப்பாதைல மான் குறுக்க வரும். மெதுவாப் போ,” என்றார். திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கப்பல் நகர்ந்த பிறகும் துறையில் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்பே ஆற்றங்கரை முழுக்க மஞ்சள் பூப் புதர்கள். தூரத்து மலைத் தலைகளில் மட்டும் பனி. ரொட்டிக்கடை மாடியில் இஷ்பெல் முதலில் விரிப்பை முகர்ந்தார், பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். “காத்துல காய வெச்சது,” என்று எனக்கு அறிவித்தார். காலையில் முட்டையும் ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயுமாக வயிற்றை நிரப்பச் சொன்னார், நானும் நிரப்பினேன்.

விஸ்கி ருசித்துப் பார்க்கும் முதல் கூடம் ஒரு பழைய பார்லிக் கிடங்கில். நீண்ட மேசைகள், ஆளுக்கு ஐந்து கோப்பை, நடுவில் தண்ணீர்க் குவளை. எல்ஸ்பெத் என்ற இளம்பெண் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இஷ்பெல் முதல் கோப்பையை எடுத்தார். தோள் உயரவில்லை. மூக்கை உள்ளே விட்டு, நிதானமாக மூச்சை இழுத்தார். எடுத்தார். மறுபடியும் விட்டார். ஒரு சொட்டு தண்ணீர் சேர்த்து, உள்ளங்கையில் கோப்பையைச் சூடாக்கி, இன்னொருமுறை இழுத்தார். பழுத்த பேரிக்காய் என்றார். பிறகு, மரமேசைக்குப் போடும் தேன்மெழுகு என்றார். எல்ஸ்பெத் மூன்றாவது கோப்பைக்குப் போய்விட்டாள். இஷ்பெல் இன்னும் உதட்டை நனைக்கவேயில்லை.

“பெரியம்மா, எல்லாம் சரியா இருக்கா?” என்று அவள் குனிந்து கேட்டாள்.

“நான் இன்னும் மொதல்லதான் இருக்கேன். நீ போயிட்டே இரு கண்ணு, நான் வர்றேன்.”

எங்கிருந்து வருகிறீர்கள் என்று சுற்றிலும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஐலா என்றதும் மேசையே திரும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த அபர்டீன்காரர், சிவந்த முகம், நல்ல குஷியில் இருந்தார். “ஐலா சரக்கா! ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிய தார்ல முக்கி, பழைய படகுக் கயிறு வெச்சு எரிச்ச மாதிரில்ல இருக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள். இஷ்பெலும்தான் சிரித்தார்; வாய்விட்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அத எரிக்கிறது என் வீட்டுக்காரன்,” என்றார்.

அபர்டீன்காரரின் முகம் இன்னும் சிவந்தது. “ஐயையோ, தப்பா எடுத்துக்காதீங்க…”

“தப்பு ஒண்ணுமில்ல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சுப் போவான். நெருப்பு எரியக் கூடாது, பொகையணும். அதுக்கு மழைல நனைஞ்ச மண்கட்டி எது, காஞ்சது எதுன்னு கையால தடவித் தடவிப் போடுவான். ரொம்ப நல்லா செய்வான். எனக்குத்தான் பிடிக்கல.” அபர்டீன்காரர் பக்கம் விரலை நீட்டினார். “ஆனா அத நான் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது.”

யாரோ கைதட்டினார்கள். அபர்டீன்காரர் எழுந்து வந்து, உங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் குடிக்கிறேன் என்று கோப்பையைத் தூக்கினார். இஷ்பெல் அனுமதித்தார். அன்று மாலை நகரக்கூடத்தில் பிடில் வாசிக்க, அதே மனிதரோடு வட்ட நடனமும் ஆடினார். அவர் மூன்றாவது சுற்றில் மூச்சிரைத்து உட்கார, இஷ்பெல் என்னை இழுத்துக்கொண்டார்.

மற்ற நாட்கள் சாவகாசமாகப் போயின. ஆற்றோரம் நடந்தோம். புகைத்த மீன் சூப் குடித்து, “இதுல பொகை இருக்கலாம், இது மீனு,” என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு வடிசாலையில் செம்புக் கலங்களின் பளபளப்பைப் பார்த்து, எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்று விசாரித்தார். எந்த இடத்திலும் ஐந்து கோப்பையில் இரண்டைத் தாண்டவில்லை. அந்த இரண்டிலேயே ஒரு மணி நேரம் போகும். முகத்தில் அப்படி ஓர் ஓய்வை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில்தான் பேச்சு குறைந்தது. மடியில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தார். கப்பலிலிருந்து எங்கள் தீவு வடிசாலைகளின் வெள்ளைச் சுவர்கள் தெரிந்ததும், “பேசுவானா?” என்று என்னிடம் கேட்டார்.

டூகி துறையில் இருந்தார். வேலையுடுப்போடு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என்னையும் உட்காரச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும்வரை வானிலை, நாயின் கால் வலி, மறுபடியும் வானிலை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சரி. பிடிச்சுதா?”

“பிடிச்சுது,” என்றார் இஷ்பெல். “ரொம்பப் பிடிச்சுது.”

டூகி தலையாட்டினார். அவரே எழுந்து போய் இரண்டு கோப்பை எடுத்து வந்தார். “எங்க, ஊத்து. அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்.”

இஷ்பெல் ஊற்றினார். டூகி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சுழற்றினார், மோந்தார், வாயில் வைத்து நெடுநேரம் உருட்டினார். பாவம், உண்மையாகவே முயன்றார். நெற்றி சுருங்கியது. மறுபடியும் ஒரு வாய்.

“என்ன?” என்றார் இஷ்பெல்.

“வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்குது,” என்றார் டூகி. “நானும் வா வாங்கறேன். வர மாட்டேங்குது.” சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பயத்தோடு பார்த்தார். “உனக்கு வருதா?”

“எனக்கு வருது, டூகி.”

“அப்ப சரி,” என்றார் அவர்.

இஷ்பெல் கையை நீட்டி, அவர் விரல்களுக்கிடையிலிருந்து கோப்பையை வாங்கினார். அதில் மிச்சமிருந்ததைத் தன் கோப்பையில் கவிழ்த்தார். ஒரு சொட்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது; அதுவும் விழும்வரை, கோப்பையின் பின்புறத்தை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டேயிருந்தார்.