பிழை போடாத டீச்சர்

பிள்ளைகளின் கணக்கில் நான் பிழை போடுவதில்லை. மலேசியாவில் கடலோரக் கிள்ளான் நகரின் தமிழ்ப்பள்ளிக்கு வந்த முதல் வருடமே எடுத்த முடிவு அது. சிவப்புப் பேனாவைக் கண்டாலே சுருண்டுபோகும் பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும்? இன்னொரு பிடிவாதமும் இருந்தது. யாரோ வாங்கிய மாம்பழங்களைக் கூட்டச் சொல்ல மாட்டேன். அந்த விடை பிள்ளைக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். பயிலரங்குகளில் இதையெல்லாம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

வெள்ளம் வந்த அன்று பள்ளியைச் சுற்றிச் சாலைகள் மூழ்கிவிட்டன. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு மாடியில் மாட்டிக்கொண்டேன். அழுகையை நிறுத்துவதற்காக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் மட்டத்தை வெண்கட்டியால் குறிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் ஏறியது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பக்கவாதம் வந்த அவள் அப்பா தனியாகப் படுத்திருந்தார். அம்மா பக்கத்து ஊரான காப்பாரில் வேலையில் இருந்தார். என் கைப்பேசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்து நோட்டைத் திறந்தாள்.

"வூட்டுக்குள்ள இப்பதான் தண்ணி வருதாம் டீச்சர். அப்பா கட்டில் முப்பது சென்டி உசரம். மணிக்கு ஆறு ஏறுது, அப்ப அஞ்சு மணி நேரம். இப்ப பதினொன்னு. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. சரியா டீச்சர்?"

வழியும் சுத்தம், விடையும் சுத்தம். ஆனால் கடல் ஏறிக்கொண்டே வந்து இரண்டு மணிக்கு உச்சத்தைத் தொடும் என்று எனக்குத் தெரியும். கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் போக்கிடமில்லாமல் ஊருக்குள் திரும்பும். மணிக்கு ஆறு என்பதெல்லாம் செல்லாது. சொல்ல வாயெடுத்தேன். அன்று முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் இப்போதே அவரைத் தன் வீட்டு மாடிக்குத் தூக்கிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சரி போட்டேன்.

அவள் மறுபடியும் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, ஓரமாகப் போய்ப் பேசினாள்.

பன்னிரண்டரைக்குப் பிறகு கோடுகள் ஒழுங்கு தவறின. ஒரு சென்டி மூன்றானது, ஐந்தானது. ஒன்றரைக்குள் இரண்டு படிகள் ஒரேயடியாகக் காணாமல் போயின. குறிக்கப் போன பிள்ளைகளை மேலே இழுத்துவிட்டேன். அப்பாவை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்று அவளிடம் கேட்டேன்.

"இன்னும் இல்ல டீச்சர். அங்கிள் அப்பவே தூக்குறேன்னுதான் சொன்னாரு. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு, முதல்ல உங்க சாமானெல்லாம் ஏத்துங்கன்னு நான்தான் சொன்னேன். டீச்சரே சரி போட்டுட்டாங்க லா."

பக்கத்து வீட்டுக்காரரை நான் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த மனிதர் நெஞ்சளவுத் தண்ணீரில் அவள் அப்பாவின் கட்டிலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்கப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கணக்குல கெட்டிக்காரின்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர். எப்படி இவ கணக்கு தப்பாச்சி?"

"நான்தாம்மா தப்பா போட்டுட்டேன்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

சரி போட்ட நான் வாயைத் திறக்கவில்லை.