சம்பூர்ணத்தின் புடவைகளில் தைத்த கோடைச் சட்டைகள்

போன வாரம் பேத்தி வந்து கேட்டாள். "தாத்தா, வீட்ல பழைய காட்டன் பொடவ ஏதாச்சும் இருக்குதா? நல்லா நைஞ்சு சாஃப்ட்டா இருக்கணும்." இப்போது நாங்கள் இருக்கும் திருப்பதியின் வெயிலுக்குப் புடவையை வெட்டிக் கவுன் தைத்துக்கொள்ளும் வித்தையை அவள் செல்போனில் பார்த்திருக்கிறாள். எனக்கும் காட்டினாள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே சர்ரென்று புடவையைக் கிழிக்கிறாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன் தாத்தா, புடிக்கலயா?"

கண் எரிகிறது என்றேன். அது பாதிதான் உண்மை.

எங்கள் வீட்டுக்கு இது புது வித்தை இல்லை. நகரியில் தெருவுக்குத் தெரு தறி ஓடிய காலம் அது. ஆனால் நாங்கள் பயிர் வைக்கிற குடும்பம். ஊரெல்லாம் புதுத்துணி நெய்துகொண்டிருக்க, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் கோடையில் பழைய புடவையில் தைத்ததைத்தான் உடுத்தினோம். அதில் கஞ்சத்தனம் கொஞ்சம், காரணமும் கொஞ்சம். புதுத்துணியின் கஞ்சி வேர்க்குருவில் பட்டால் உயிர் போகும். பல வருஷம் துவைத்த நூல்புடவையோ உடம்பில் இருப்பதே தெரியாது. பங்குனி கடைசியில் அம்மா கை மிஷினைத் தூசு தட்டுவாள். புடவையை வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடத்தை விட்டுவிட்டு, கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டுவாள். கரைதான் கழுத்தோரத்துப் பட்டை. காலர் கிடையாது, கையும் அரைக்கைதான். ஒரு வருஷம் அளவு தவறி, கரை என் முதுகின் நடுவே ஓடியது. "முதுகுல ரயில்ரோடு போவுதுடா" என்று பள்ளிக்கூடமே கத்தியது. அன்று அழுதேன். ஆனாலும் அந்தச் சட்டையை நான் விடவில்லை. அவ்வளவு குளுமை.

அந்தச் சட்டைகளில் மிஷின் எண்ணெயின் வாசனை லேசாக இருக்கும். அந்த வாசனையை நினைத்தால் எனக்கு அம்மாவின் முகம் வருவதில்லை, என் தங்கையின் முகம்தான் வருகிறது. இதுவரை எழுதியது முன்னுரை. சொல்லவந்தது இனிமேல்தான்.

சம்பூர்ணம் எட்டாவது பாஸ். எங்கள் தெருவில் பெண்ணுக்கு அதுவே பெரிய படிப்பு. பள்ளிப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். இரண்டு வருஷத்துக்குள் மாப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடமே வந்தாள். நைனா, எங்கள் அப்பா, அதற்கு முன்பே தவறிவிட்டார். நான் புத்தூரில் குமாஸ்தா. ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்கு இரண்டு பையன்கள், மூன்றாவது என் மனைவி வயிற்றில்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புருஷனை இழந்தவள் ஒரு வருஷம் வெள்ளை கட்டவேண்டும். வருஷத் தெவசம் முடிந்ததும், சின்ன வயசுக்காரி என்றால், கூடப்பிறந்தவன் அவள் பெட்டியைத் திறந்து ஒரு கலர்ப் புடவையை எடுத்து அவள் கையில் கொடுப்பான். அண்ணன் கொடுத்தபின் ஊர் வாயைத் திறக்காது. அவன் கொடுக்காவிட்டால் அவளாக எடுத்துக் கட்டமுடியாது.

தெவசத்துக்கு முன்பே சம்பூர்ணம் கேட்டுவிட்டாள். "அண்ணா, நான் வாத்தியார் டிரெயினிங் போறேன். தமிழ் வகுப்புக்கு ஆளில்லன்னு சொல்லிக்கினு கீறாங்க."

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லை இன்னும் முடிவாகாத காலம். நகரி எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினம் ஒரு தீர்ப்பு. எனக்கு அது வசதியாகப் போயிற்று. "வேலூர்ல படிச்சா ஆந்திராவுல செல்லுமோ என்னமோ" என்றேன். "அப்ப சித்தூர்ல படிக்கறேன்" என்றாள். "நாளைக்கு நாம மெட்ராஸ் பக்கம் போயிட்டா? எல்லை முடிவாகட்டும்மா, பாக்கலாம்." கேட்டவர்களுக்கெல்லாம் இது ரொம்ப விவரமான பேச்சாகப் பட்டது. உண்மை அதுவல்ல. அவள் போனால் வீடு நடக்காது. சமையல் அவள், பையன்கள் அவள், என் மனைவியின் பிரசவத்துக்கும் அவள். சம்பளமில்லாத ஆள் கைவிட்டுப் போவதை நான் விரும்பவில்லை.

மாசியில் தெவசம் முடிந்தது. நான் பெட்டி பக்கம் போகவில்லை. அம்மா ஒருமுறை, "பொட்டிய எப்ப தெறக்கப் போறே?" என்றாள். கலர்ப் புடவை கட்டினால் டிரெயினிங் பேச்சு மறுபடி வரும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும் என்று தள்ளினேன்.

அந்தக் கோடையில் அம்மாவின் பழைய புடவைகள் தீர்ந்துபோயின. பையன்களுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சம்பூர்ணம் எழுந்துவிட்டாள். கையை வெள்ளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு பச்சை, ஒரு கத்தரிப்பூ, ஒரு கட்டம் போட்டது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் இரண்டு கையையும் நீட்டியிருந்தாள்.

நான் அவற்றை மிஷின்மேல் வைத்தேன். "சும்மாதானே கெடக்குது. பசங்களுக்கு வெயில் சட்டை தச்சுடும்மா."

அம்மா "டேய்" என்றாள்.

சம்பூர்ணம் கையை மடக்கிக்கொண்டாள். "புதுசுண்ணா. குத்தும். கஞ்சி போவ நல்லா அடிச்சுத் தொவைக்கணும்" என்றாள். அவ்வளவுதான். இரண்டே இரண்டு தடவை கட்டிய புடவைகளைக் கிணற்றடிக் கல்லில் அடித்து அடித்து அவளே பழசாக்கினாள்.

சட்டைகள் அழகாக அமைந்தன. இரண்டு பையன்களும் ஒரே பச்சையில் தெருவில் ஓட, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர், "ஏமய்யா, உன் பசங்க பேண்டு செட்டுல சேந்துட்டானுங்களா? எப்ப பெண்ட்லி?" என்று கல்யாணத் தேதி கேட்டுக் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, பள்ளிப்பட்டும் போனது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. இனி என்ன சாக்குச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

என் பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள். வீட்டுப்பாடம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எழுத்தைப் பிரித்துக் காட்டும்போது அவள் குரலே வேறாக இருக்கும். அதைக் காதில் வாங்கிக்கொண்டே நான் பேப்பர் படித்திருக்கிறேன். ரிட்டையர் ஆன வருஷம் நகரியில் ஒரு பச்சைப் புடவை வாங்கிக்கொண்டு போய்ச் சம்பூர்ணத்திடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். துணியை விரல்களுக்கிடையே தேய்த்தாள். முழங்கையை வைத்து அகலம் அளந்தாள்.

"எந்தப் பேரனுக்குண்ணா?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கா?" என்று சிரித்தாள். குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை, நிஜமாகவே வேடிக்கையாக இருந்திருக்கிறது. "இத கட்டிக்கினு நான் எங்க போவப்போறேன்?" அடுத்த வாரம் பேரன்கள் பச்சைச் சட்டையில் இருந்தார்கள்.

இப்போது அவள் இல்லை. கை மிஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. எங்கள் குடும்பத்தில் யாரும் அண்ணன் கைக்காகக் காத்திருப்பதில்லை. அந்த வழக்கம் போனதில் எனக்கு வருத்தமில்லை. நகரியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பும் போய்விட்டது. மூடிய வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன், ஏன் என்று கேட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை என்றார்கள்.